திண்டுக்கல் வட்டாரத்தில் வீட்டுத் தையல் இயந்திரம்

மின்சாரத்துக்கு முன்பே தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்து சேர்ந்த தொழிற்சாலைப் பொறிகளில் ஒன்று தையல் இயந்திரம். பேச்சு வழக்கில் இது 'தையல் மிஷின்' எனப்படுகிறது. கைப்பிடியைச் சுற்றி இயக்குவது கை மிஷின். இரும்புச் சட்டத்தில் பொருத்திக் காலால் மிதித்து இயக்குவது கால் மிஷின். பல வீடுகளில் ஒரு தலைமுறை வாங்கிய இயந்திரத்தில் அடுத்த தலைமுறையும் தைத்தது. இயந்திரத்தின் உறுதி மட்டும் இதற்குக் காரணமல்ல. பல நிறுவனங்கள் ஒரே பொது அமைப்பைப் பின்பற்றியதால் உதிரி பாகங்கள் எங்கும் கிடைத்தன. பழுதை வீட்டிலோ தெருமுனைக் கடையிலோ சரிசெய்ய முடிந்தது.

இந்த வரலாற்றில் திண்டுக்கல் வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. இயந்திரங்களை எதிர்ப்பவராக அறியப்பட்ட காந்தி, தையல் இயந்திரத்துக்கு மட்டும் விதிவிலக்கு அளித்துப் பேசியது ஓர் இளைஞரின் கேள்விக்கு விடையாகத்தான். அந்த இளைஞர் ஜி. ராமச்சந்திரன். பின்னாளில் அவரும் அவர் மனைவி டி. எஸ். சௌந்தரமும் நிறுவிய காந்திகிராமம், திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில் சின்னாளபட்டிக்கு அருகில் உள்ளது.

## தோற்றம்

தையல் இயந்திரத்துக்கான முயற்சிகள் ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கின. இங்கிலாந்தின் தாமஸ் செயிண்ட் 1790இல் தோல் தைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்ஸின் பார்த்தெலெமி திமோனியே 1830இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் ராணுவச் சீருடை தைக்கப் பயன்பட்டது. தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய பாரிஸ் தையற்காரர்கள் அவருடைய பட்டறைக்குள் புகுந்து இயந்திரங்களை உடைத்தனர். இயந்திரம் யாருடைய வேலையைப் பறிக்கும் என்ற கேள்வி தையல் இயந்திரத்துடனேயே பிறந்தது எனலாம்.

அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் 1846 செப்டம்பர் 10 அன்று காப்புரிமை பெற்ற இயந்திரத்தில், காது முனையருகே அமைந்த ஊசியும் அடிநூலைக் கொண்டு செல்லும் ஓடமும் இருந்தன. ஐசக் மெரிட் சிங்கர் 1850இல் பாஸ்டன் நகரப் பட்டறை ஒன்றில், அடிக்கடி பழுதாகித் திரும்பி வந்துகொண்டிருந்த வேறொரு தையல் இயந்திரத்தைப் பார்த்து அதன் குறைகளை நீக்கும் வழியைக் கண்டார். அவருடைய காப்புரிமை 1851 ஆகஸ்ட் 12 அன்று கிடைத்தது. சிங்கர் இயந்திரத்தின் பிறப்பே ஒரு பழுதுபார்ப்பிலிருந்து தொடங்கியது.

சிங்கரின் கூட்டாளி எட்வர்டு கிளார்க் 1856இல் தவணை முறை விற்பனையைக் கொண்டுவந்தார். மொத்த விலையை ஒரே முறையில் கொடுக்க முடியாத குடும்பங்களும் தையற்காரர்களும் மாதந்தோறும் சிறு தொகை கட்டி இயந்திரத்தைப் பெற முடிந்தது. உலகின் ஏழை நாடுகளுக்குள்ளும் இந்த இயந்திரம் பரவியதற்கு இது முக்கியக் காரணம்.

## இந்தியாவுக்கு வருகை

சிங்கர் நிறுவனம் 1870களின் நடுப்பகுதியில் இந்தியச் சந்தையில் காலூன்றியது. நசர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேல் என்ற பார்சி வணிகர் அதன் முகவராக இருந்து விற்பனையைப் பெருக்கினார். இயந்திரங்கள் பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலையிலிருந்து வந்தன. 1885இல் செயல்படத் தொடங்கிய அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது. இந்தியத் தையல் இயந்திரத்தின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்த டேவிட் ஆர்னால்டு, அந்நிய நாட்டுப் பொறி ஒன்று உள்ளூர்த் தொழிலாளர்கள் கையில் உள்ளூர்ப் பொருளாக மாறியதற்கு இதை எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரை செல்லும் ரயில் பாதை 1875இல் திறக்கப்பட்டது. கனமான வார்ப்பிரும்புப் பொருள்கள் துறைமுகத்திலிருந்து உள்நாட்டு ஊர்களுக்கு வருவது இதனால் எளிதானது.

இந்தியாவில் தையல் இயந்திரத்தை முதலில் பெருமளவில் வாங்கியவர்கள் தொழில்முறைத் தையற்காரர்கள். கடைத் திண்ணையில் அமர்ந்து தைக்கும் ஆண்களின் கருவியாகவே அது நெடுங்காலம் இருந்தது. வீட்டுக்குள் வந்தது அடுத்த கட்டம். இதற்கு உடை மாற்றம் ஒரு காரணம். வேட்டி, துண்டு, சேலை ஆகியவை தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்தப்படுபவை. திண்டுக்கல்லின் நாகல்நகர் நெசவாளர்களும் சின்னாளபட்டி நெசவாளர்களும் நெய்தவை இத்தகைய தைக்காத துணிகளே. ரவிக்கை, பாவாடை, சட்டை, பள்ளிச் சீருடை ஆகியவை எல்லா வீடுகளிலும் பரவியபோது தையலின் தேவை பெருகியது. குறிப்பாக ரவிக்கை ஒவ்வொருவர் உடலளவுக்கும் தனியே தைக்க வேண்டியது. அளவெடுப்பதிலும் திருத்தித் தருவதிலும் பெண்களிடம் கொடுப்பதைப் பெண்கள் விரும்பியதால், வீட்டில் தைக்கும் பெண்ணுக்கு வேலை கிடைத்தது.

## காந்தியும் ராமச்சந்திரனின் கேள்வியும்

1924 செப்டம்பர் 17 அன்று காந்தி இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக டெல்லியில் 21 நாள் உண்ணாநோன்பைத் தொடங்கினார். சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்த ராமச்சந்திரன் அந்தச் சமயத்தில் அவரைச் சந்தித்தார். அப்போது அவருக்கு வயது 20. இருவருக்கும் நடந்த உரையாடலை மகாதேவ தேசாய் பதிவுசெய்தார். அது 1924 நவம்பரில் 'யங் இந்தியா' இதழில் வெளிவந்தது.

எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்பது ராமச்சந்திரனின் கேள்வி. தாம் எதிர்ப்பது இயந்திரத்தை அல்ல, இயந்திர மோகத்தையே என்று காந்தி விடையளித்தார். உழைப்பை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கானோரைத் தெருவில் நிறுத்தி, செல்வத்தைச் சிலர் கையில் குவிக்கும் இயந்திரத்தையே தாம் மறுப்பதாகக் கூறினார். மனிதனே முதன்மையானவன், அவன் கைகால்களை முடக்கிவிடாத இயந்திரத்துக்கு விதிவிலக்கு உண்டு என்றார். அதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு சிங்கர் தையல் இயந்திரம். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்டு, அன்பின் காரணமாகச் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது காந்தியின் விளக்கம்.

இந்தக் கதைக்குச் சிங்கரின் வாழ்க்கையில் ஆதாரம் இல்லை. அவருடைய நோக்கம் வணிகமே. கணவர் வறுமையில் இருந்தபோது மனைவி தைத்துக் குடும்பம் நடத்திய செய்தி ஹோவின் வாழ்க்கை வரலாறுகளில் காணப்படுகிறது. ஆயினும் காந்தி முன்வைத்த அளவுகோல் கதையின் உண்மையைச் சார்ந்ததல்ல. அந்த இயந்திரம் அதை இயக்குபவரின் உடைமையாக இருக்கலாம், அவருடைய வீட்டிலேயே இருக்கலாம், அவருடைய உடல் வலிமையால் இயங்கலாம் என்பதே அதன் சாரம்.

ராமச்சந்திரன் அத்துடன் விடவில்லை. தையல் இயந்திரத்தைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டும், அதில் விசையால் இயங்கும் பெரிய இயந்திரங்கள் இருந்தாக வேண்டுமே என்று கேட்டார். காந்தி அதை ஒப்புக்கொண்டார். அத்தகைய ஆலைகள் நாட்டுடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்று பதிலளித்தார். இயந்திரத்தைப் பயன்படுத்துபவர் அதைச் செய்பவரைச் சார்ந்தே இருக்க வேண்டியுள்ளது என்ற சிக்கலை ராமச்சந்திரனின் இரண்டாவது கேள்வி சுட்டுகிறது.

## காந்திகிராமம்

ராமச்சந்திரனும் மருத்துவரான சௌந்தரமும் 1940இல் மணந்துகொண்டனர். சௌந்தரம் தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். 1947 அக்டோபரில் இருவரும் காந்திகிராமத்தைத் தொடங்கினர். கதர், கிராமத் தொழில்கள், மகப்பேறு மருத்துவம், ஆதாரக் கல்வி ஆகியவை அதன் பணிகளாயின. 1956இல் அமைந்த கிராமியக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. சௌந்தரம் 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு மத்திய அரசில் துணை அமைச்சராகவும் பணியாற்றினார்.

காந்தியத்தின் அடையாளம் ராட்டை. ஆனால் ராட்டை நூற்ற நூல் துணியாகி, உடையாக வேண்டுமானால் தையல் தேவை. கிராமத் தொழில் இயக்கத்துக்குள் தையல் இயந்திரம் முரண்பாடாகத் தோன்றாததற்கு 1924 உரையாடல் ஒரு கருத்தியல் அடிப்படையாக அமைந்தது.

## உள்நாட்டு உற்பத்தி

ராமச்சந்திரன் கேட்ட தொழிற்சாலை இந்தியாவிலேயே 1930களில் உருவானது. கல்கத்தாவின் ஜே இன்ஜினியரிங் ஒர்க்ஸ் நிறுவனம் அப்பதிற்றாண்டின் நடுவில் 'உஷா' இயந்திரங்களைச் செய்யத் தொடங்கியது. இதற்கு அடித்தளமிட்ட பிஷன் தாஸ் பாசில் தம் மகளின் பெயரை இயந்திரத்துக்குச் சூட்டினார். பிறகு டெல்லித் தொழிலதிபர் லாலா ஸ்ரீராம் இந்நிறுவனத்தை ஏற்று வளர்த்தார். காந்தி விரும்பியதுபோல் அது அரசு ஆலையாக அமையவில்லை. தனியார் நிறுவனமாகவே வளர்ந்தது.

விடுதலைக்குப் பின் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வெளிநாட்டு இயந்திரங்களின் வரவைக் குறைத்தன. உஷா தேசிய அளவில் பரவியது. பஞ்சாபின் லூதியானா நகரில் இயந்திரங்களையும் உதிரி பாகங்களையும் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் பெருகின. 'ரீட்டா' போன்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவை. சிங்கரின் இந்தியக் கிளையோடு தொடர்புடைய 'மெரிட்' இயந்திரங்களும் புகழ் பெற்றன. மெரிட் என்பது சிங்கரின் நடுப்பெயர்.

பெயர்கள் பல ஆனாலும் கறுப்பு நிறக் கால் மிஷின்களில் பெரும்பாலானவை சிங்கரின் 15ஆம் வகை அமைப்பைப் பின்பற்றியவை. அதன் காப்புரிமைக் காலம் முடிந்துபோனதால் யாரும் அதைச் செய்ய முடிந்தது. ஜப்பானும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் இதே அமைப்பைப் பொதுத் தரமாக்கி உலகெங்கும் விற்றது. இதன் பயன் வீடுகளுக்குக் கிடைத்தது. ஒரு நிறுவனத்தின் இயந்திரத்துக்கு மற்றொரு நிறுவனத்தின் பாபினும் பாபின் கேஸும் பெரும்பாலும் பொருந்தும். 15×1 எனப்படும் வீட்டு ஊசி எல்லாவற்றிலும் ஏறும். இயந்திரத்தைச் செய்த ஆலை மூடப்பட்டாலும் இயந்திரம் வாழ்ந்தது. கல்கத்தாவில் உஷா ஆலை நின்ற இடத்தில் இன்று சவுத் சிட்டி என்னும் குடியிருப்பும் வணிக வளாகமும் உள்ளன. அங்கே உருவான கறுப்பு இயந்திரங்களுக்கான பாகங்கள் சிற்றூர்க் கடைகளில் இன்னும் விற்கின்றன.

## இயங்கும் முறை

வீட்டுத் தையல் இயந்திரம் போடுவது பூட்டுத்தையல். மேல்நூல் ஊசியின் காது வழியாகத் துணிக்குக் கீழே இறங்குகிறது. ஊசி கீழ் எல்லையைத் தொட்டு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் மேலேறும்போது நூல் ஒரு சிறு வளையமாக விரிகிறது. அந்த நொடியில் ஷட்டிலின் கூர்முனை வளையத்தைப் பிடித்து, பாபினில் உள்ள அடிநூலைச் சுற்றி இழுக்கிறது. இரு நூல்களும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. பிறகு அடியில் உள்ள பற்கள் துணியை ஒரு தையல் தூரம் நகர்த்துகின்றன. மேலிருந்து அழுத்தும் பாதம் துணியை அசையாமல் பிடிக்கிறது.

ஊசி, ஷட்டில், பற்கள் ஆகிய மூன்றும் ஒரே தண்டிலிருந்து விசை பெற்று ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதே இயந்திரத்தின் உயிர்நிலை. பழுதுகளில் பெரும்பாலானவை இந்த ஒத்திசைவு கெடுவதால் அல்லது நூலின் இறுக்கம் மாறுவதால் வருகின்றன.

## பராமரிப்பும் பழுதும்

கால் மிஷினைப் பயன்படுத்தும் வீடுகளில் சில பழக்கங்கள் தலைமுறை வழியாகக் கைமாறின. தைத்து முடித்ததும் பல்லுக்கு அடியில் சேரும் பஞ்சை எடுப்பது, எண்ணெய்த் துளைகளில் மிஷின் எண்ணெயைச் சொட்டுவிடுவது, பாதத்துக்கு அடியில் துண்டுத் துணியை வைத்து மூடுவது ஆகியவை அவற்றில் சில. ஆயுத பூசையன்று இயந்திரத்தைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடும் வழக்கம், ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுச் சுத்தம் நடப்பதற்கு உதவியது.

வீட்டிலேயே கண்டறியக்கூடிய பழுதுகள்:

- துணியின் அடிப்பக்கம் நூல் வளையங்களாகத் தொங்கினால் மேல்நூல் தளர்ந்துள்ளது. டென்ஷன் தட்டுகளுக்கு இடையில் நூல் சரியாக அமரவில்லை அல்லது அங்கே பஞ்சு சிக்கியுள்ளது.
- மேல்நூல் அடிக்கடி அறுந்தால் டென்ஷன் மிகுதி, ஊசி முனை மழுங்கல், நூல் கோக்கும் வரிசையில் பிழை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
- தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசி வளைந்திருக்கலாம் அல்லது திசை மாற்றிப் பொருத்தப்பட்டிருக்கலாம். வீட்டு ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பழைய ஊசி இருந்த திசையிலேயே புதியதும் இருக்க வேண்டும்.
- துணி நகராவிட்டால் பற்களில் பஞ்சு அடைத்திருக்கலாம் அல்லது தையல் நீளத் திருகு சுழியத்தில் இருக்கலாம்.
- மிதிக்கக் கனத்தால் எண்ணெய் உறைந்திருக்கும் அல்லது ஷட்டிலில் நூல் சுற்றியிருக்கும். பெல்ட் தளர்ந்திருந்தால் சக்கரம் வழுக்கும். தோல் பெல்ட்டைச் சிறிது வெட்டி மீண்டும் கொக்கி போட்டால் சரியாகும்.

மிஷின் எண்ணெய் இல்லாதபோது தேங்காய் எண்ணெய் விடுவது பல வீடுகளில் நடந்த பிழை. அது நாளடைவில் பிசினாக இறுகி இயந்திரத்தை முடக்கிவிடும். பழுதுபார்ப்பவர் மண்ணெண்ணெய் விட்டு இறுகலைக் கரைத்து, துடைத்து, புதிய எண்ணெய் இடுவார்.

ஷட்டிலின் ஒத்திசைவைத் திருத்துவது, ஊசித் தண்டை உயர்த்தித் தாழ்த்துவது, தேய்ந்த ஷட்டிலை மாற்றுவது ஆகியவை மெக்கானிக்கின் வேலை. இயந்திரத்தின் திருகுகள் தனி அளவுப் புரி கொண்டவை. சாதாரண இரும்புக் கடைத் திருகைக் கட்டாயப்படுத்தி ஏற்றினால் துளை கெட்டுவிடும். இரும்பை அரத்தால் ராவி நுட்பமாகப் பொருத்தும் கைத்தொழில் திண்டுக்கல்லுக்குப் புதிதல்ல. நெம்புகோல்களைக் கையால் ராவிச் செய்யும் திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பூட்டைப் போலவே தையல் இயந்திரமும் கழற்றிப் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய பொறியாக இருந்தது.

## வீட்டு வருமானம்

வீட்டில் தைக்கும் பெண்ணுக்கு இயந்திரம் வெறும் வீட்டுப் பொருள் அல்ல. ரவிக்கை தைத்தல், சேலைக்கு ஃபால்ஸ் வைத்தல், ஓரம் அடித்தல், சீருடையைப் பிடித்துத் தருதல் என்று சிறு தொகைகளாக வரும் வருமானம் அதைச் சார்ந்தது. சமையலுக்கும் குழந்தைக்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில் செய்ய முடிந்த வேலை இது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் இயந்திரம் பழுதானால் அந்தப் பருவத்தின் வருமானமே போய்விடும். அருகில் பழுதுபார்ப்பவர் இருப்பது இதனால்தான் முக்கியமானது.

தமிழ்நாடு அரசின் சமூக நலத்துறை வழியாகச் செயல்படும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம், கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், ஏழைப் பெண்கள் முதலியோருக்கு இயந்திரம் அளிக்கிறது. தையல் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மோட்டார் பொருத்திய இயந்திரங்களை வழங்குகிறது. காலால் மிதிக்க இயலாதவர்களுக்கு மூடியிருந்த தொழிலை இந்த மோட்டார் திறந்துவிட்டது. அரசுப் பள்ளி மாணவர்களின் விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைக்கின்றனர். வெட்டிய துணியை வாங்கிச் சென்று வீட்டு இயந்திரத்தில் தைத்துத் தருவோரும் அவர்களில் உண்டு.

திண்டுக்கல்லுக்குக் கிழக்கே நத்தம் வட்டாரத்தில் சட்டை முதலிய ஆயத்த ஆடைகளைத் தைக்கும் கூடங்கள் பெருகியுள்ளன. வீட்டில் பழகிய கை அங்கே கூலிக்குத் தைக்கிறது. அங்கே இயந்திரம் முதலாளியுடையது. வேகமும் நேரமும் கூடத்தின் கணக்கு. வீட்டில் இயந்திரம் தைப்பவருடையது. ஆனால் வேலை கிடைப்பது உறுதியில்லை. காந்தி பேசிய வேறுபாடு இந்த வட்டாரத்தில் நடைமுறையாகவே காணப்படுகிறது.

## மாற்றுதல்

கால் மிஷினை முழுமையாக மாற்றுவது அரிதாகவே நடந்தது. ஹெட் எனப்படும் மேல்பாகம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றி, ஸ்டாண்டையும் பலகையையும் வைத்துக்கொள்வது வழக்கம். முதுகுவலி வந்தபின் அதே இயந்திரத்தில் மோட்டார் மாட்டிக்கொண்டவர்கள் பலர். பழையதைக் கடையில் கொடுத்து விலையில் கழித்துக்கொண்டு புதியது வாங்குவதும் உண்டு. அவ்வாறு வந்தவற்றைக் கடைக்காரர் சரிசெய்து, தையல் பழகத் தொடங்குபவர்களுக்கு விற்பார்.

பழுது பார்ப்பதா மாற்றுவதா என்பதற்கு மெக்கானிக்குகள் பொதுவாகப் பார்ப்பது இயந்திரத்தின் உடலை. ஷட்டில், பாபின் கேஸ், பல், டென்ஷன் தட்டு ஆகியவை மாற்றக்கூடியவை. வார்ப்பிரும்பு உடலில் விரிசல் விழுந்தால் அதைச் சீர்செய்வது பெரும்பாலும் பயனற்றது.

இன்று மூன்று வழிகளில் கால் மிஷின் இடம் மாறுகிறது. முதலாவது, பிளாஸ்டிக் உறை கொண்ட இலகுவான மின் இயந்திரம். ஜிக்ஜாக், பட்டன் துளை, பூவேலை ஆகியவற்றை அது செய்யும். இரண்டாவது, ஜப்பானிய ஜூகி, சீன ஜாக் போன்ற பவர் மிஷின். இது வேகமானது, தண்டு உருண்டையான டி.பி. வகை ஊசி இதற்கு வேண்டும். வீட்டு ஊசி பொருந்தாது. மூன்றாவது, இயந்திரமே இல்லாமல் போவது. ஆயத்த ஆடை மலிந்ததும் கிழிந்ததைத் தைக்கும் பழக்கம் குறைந்தது. கழற்றிய இரும்பு ஸ்டாண்டுகள் மேசைக் கால்களாகின்றன.

புதிய மின் இயந்திரங்களில் மின்னணுப் பலகை பழுதானால் நிறுவனத்தின் சேவை மையத்தையே நாட வேண்டியுள்ளது. ஒரு மாதிரியின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. அந்த மாதிரி நிறுத்தப்பட்டால் இயந்திரமும் முடிந்துவிடுகிறது.

## பழைய இயந்திரத்தின் வயது

பழைய சிங்கர் இயந்திரத்தின் அடித்தட்டில் பொறித்த எண், அது செய்யப்பட்ட இடத்தையும் காலத்தையும் காட்டும். ஆங்கில எழுத்தான 'எஃப்' அல்லது 'ஒய்' கொண்டு தொடங்கும் எண்கள் கிளைடுபேங்க் ஆலையைக் குறிக்கும். 'ஜி' எழுத்து அமெரிக்காவின் எலிசபெத் நகர ஆலைக்குரியது. எழுத்துக்குப் பின்வரும் எண்ணைச் சிங்கரின் எண் பட்டியலுடன் ஒப்பிட்டு ஆண்டை அறியலாம். வீட்டில் பழைய இயந்திரம் இருப்பவர்கள், அது யார் காலத்தில் யாருக்காக வாங்கப்பட்டது என்பதையும் இந்த எண்ணுடன் சேர்த்துக் குறித்துவைத்தால் அது வட்டார வரலாற்றுக்கான சான்றாகும்.

## மதிப்பீடு

தையல் இயந்திரம் அந்நிய நிறுவனத்தின் பண்டமாக வந்து, தேசிய உற்பத்தியாகி, அரசு நலத்திட்டமாகி, வீட்டு வருமானமாக நிலைத்தது. 1924இல் ராமச்சந்திரன் கேட்ட இரண்டாவது கேள்விக்கு ஆலை நாட்டுடைமையாவது விடை என்றார் காந்தி. நடைமுறையில் வேறு விடை கிடைத்தது. யாரும் செய்யக்கூடிய பொது அமைப்பும், எங்கும் கிடைத்த உதிரி பாகமும், அருகிலிருந்த மெக்கானிக்கும் சேர்ந்து, ஆலையைச் சாராமல் வாழும் உரிமையை இயந்திரத்தின் உடைமையாளருக்கு அளித்தன. பழுதுபார்க்க முடியாத புதிய இயந்திரங்களின் வரவால் அந்த உரிமை சுருங்கி வருகிறது.